மனுக்காரர் சொன்ன ஒரு நிமிஷக் கதை

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டுதான். ஆனால் தெருவில் மனுக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பார், லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவார், கழன்ற திருகாணியை மாட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டார். இதெல்லாம் பகலில். சாயங்காலம் கடையை விட்டு இறங்கினால் ஊரில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கோணலாகத்தான் தெரியும். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லையா, மனு. ஆஸ்பத்திரி வாசலில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா, இரண்டு மனு. பதில் வராவிட்டால் நேரில் போய் நிற்பார். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொன்னால், "சாப்பிட்டுட்டு மெதுவா வரட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று பெஞ்சில் சம்மணம் போட்டுவிடுவார். இவர் தொல்லை தாங்காமலேயே ஊரில் பாதி வேலை நடந்தது என்று சொல்வார்கள்.

வீட்டுக்காரி மட்டும் சும்மா விடமாட்டாள். "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது. அதுக்கு யாருக்குங்க மனு போடணும்?" என்பாள். அவர் சிரித்துவிட்டு நழுவிவிடுவார். ஊருக்கு உழைக்கிறவர்களின் வீட்டுக் குழாய் எப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அதை ஒரு பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. கடையில் ஏசியை நிறுத்தினால் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் வியர்வையில் ஃபிரேம் வழுக்கியது. சாக்கடை மூடிக்கு மனு போடலாம், வானத்துக்கு யாரிடம் போடுவது என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடி மாற்ற வந்த ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் ஒருவர், "சனிக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டார். போனார். அன்றிலிருந்து குழுவே கதி.

குழு என்றால் பெரிய படை ஒன்றுமில்லை. ஸ்டேஷனரி கடை மாடியில் ஒரு டியூஷன் அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும். டீச்சர், ஒரு நர்ஸம்மா, ஒரு கணக்கர், மனுக்காரர், இன்னும் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்கிற சில பேர். எந்தக் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. நாட்டின் காலநிலைச் சட்டங்கள் நல்லபடியாக வர வேண்டும், அதற்காகத் தொகுதி எம்.பி.யை விடாமல் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போய்ப் பார்ப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். டீச்சர் அதில் கறார். ஒருவர் முதலில் நன்றி சொல்ல வேண்டும். எப்பேர்ப்பட்ட எம்.பி.யாக இருந்தாலும் நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அடுத்தவர் ஒரு நிமிஷத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாமவர் கோரிக்கை வைக்க வேண்டும், ஒன்றே ஒன்று. நான்காமவர் வாயைத் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும். இவர்கள் தொகுதி எம்.பி.க்கு நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று கணக்கர் தேடித் தேடிக் களைத்துப்போய், கடைசியில் அவர் சபைக்கு ஒழுங்காகப் போகிறார் என்று கண்டுபிடித்தார். "அங்க போய்த் தூங்கறாருன்னு சொல்றாங்களே?" என்றார் நர்ஸம்மா. "தூங்கினாலும் போய்த்தானே தூங்கறார், அதுக்கு நன்றி சொல்லுவோம்" என்றார் மனுக்காரர். டீச்சர்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் புதிய காலநிலைச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தது. அதில் ஒரு பிரிவு, வேலை செய்யும் இடத்தின் சூட்டுக்கு வரம்பு வைத்தது. வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். முதலாளிமார் அந்தப் பிரிவை மட்டும் உருவிவிடச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எம்.பி. அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் மதில்மேல் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்க வேண்டும்.

"கதை யாருகிட்ட இருக்கு?" என்று டீச்சர் கேட்டபோது மனுக்காரர் கையைத் தூக்கினார்.

கதை அவருடையது இல்லை. அவருடைய மைத்துனனுடையது. வீட்டுக்காரியின் தம்பி, பேக்கரியில் ஓவனில் ரொட்டி சுடுகிறவன். வாட்டசாட்டமான ஆள், வாய் அதிகம் பேசாதவன். அந்த அடுப்பறையில் ஃபேன் போட விடமாட்டார்கள். காற்றுப் பட்டால் மாவு காய்ந்து மேலே தோல் விழுந்துவிடுமாம். போன கோடையில் ஒரு மத்தியானம் அங்கேயே சுருண்டு விழுந்தான். கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் பதறிப்போய் மனுக்காரருக்குத்தான் போன் போட்டார். இவர் ஆட்டோ பிடித்து ஓடினார். மாவு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தான். நினைவு வந்திருந்தது. ஆனால் விழுந்த வேகத்தில் உடம்பு அவன் கட்டுப்பாட்டை விட்டுப் போயிருந்தது. உடுத்தியிருந்ததெல்லாம் நாசம். அந்தப் பெரியவரைக்கூட வெளியே போகச் சொல்லிவிட்டு, பின்கட்டுக் குழாயடியில் மனுக்காரரே அவனைக் கழுவிவிட்டு, வேறு பேன்ட் மாட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

ஆட்டோவில் வரும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மாமா, மயங்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

"சீ, இதெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா? என்னோட போயிரும்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதையும் எழுதிவிட வேண்டும். அன்றைக்கு அவர் செய்ததைக் கூடப்பிறந்தவன்கூடச் செய்திருக்க மாட்டான்.

குழுவில் ஒத்திகை பார்த்தபோது மயங்கி விழுந்ததையும் டாக்டர் சொன்னதையும் மட்டும்தான் சொன்னார். நன்றாக இருந்தது. ஆனால் நர்ஸம்மாவுக்கு ஒரு உறுத்தல். "சொந்தக் கதையாத்தான் இருக்கணும்னு நாம வச்சிருக்கோம். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"என்னம்மா நீங்க, நம்ம வீட்டுப் பையன். அவன்கிட்டப் போய் அனுமதி கேக்கணுமா?"

டீச்சரும் "வீட்டுக் கதைன்னா சொந்தக் கதை மாதிரிதானே" என்று விட்டுவிட்டார். நர்ஸம்மா அதற்குமேல் பேசவில்லை.

எம்.பி. அலுவலகத்தில் ஏசி ஊசி குத்துகிற மாதிரி குளிர்ந்தது. கணக்கர் நன்றி சொன்னார். எம்.பி. தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுக்காரர் கதையை ஆரம்பித்தார். பேக்கரி, ஓவன், வெயில். எம்.பி. யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்தான் என்றார். எம்.பி. போனைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். ஒரு நிமிஷத்தில் பாதி போய்விட்டது. மனுக்காரருக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர் அவர். இந்த மனுஷனின் தலையை நிமிர்த்தியாக வேண்டும்.

நிமிர்த்தினார். எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொன்னார். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பேக்கரி என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னார். வளர்ந்த ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி, என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். போன் கீழே போனது. எம்.பி.யின் முகம் மாறியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸம்மா மட்டும் மனுக்காரரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய் தவறி வந்துவிட்டது என்று பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய் தவறவில்லை. போகிற பஸ்ஸிலேயே அந்த வார்த்தைகள் அவருடைய நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டன. வேண்டாம் என்று விழுங்கிவைத்தார், துப்பி எறியவில்லை.

கொஞ்ச நாளில் எம்.பி. சபையில் எழுந்து பேசினார். நிஜமாகவே பேசினார், தூங்கவில்லை. அந்தப் பிரிவைத் தொடக்கூடாது என்று மேஜையைத் தட்டினார். டீச்சர் வீடியோவை அனுப்பி, நம் குழுவின் வெற்றி என்று எழுதியிருந்தார். மனுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் வந்தவர்களிடமெல்லாம், "இந்தத் தொகுதி எம்.பி. நம்ம பேச்சைக் கேட்டுப் பேசியிருக்காரு தெரியுமா" என்று அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனார். முழுவதையும் அவரே இன்னும் கேட்கவில்லை, வீட்டுக்காரியோடு சேர்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தார். "இங்க வா, இதைப் பாரு, உன் புருஷன் சாதிச்சதைப் பாரு" என்று போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். எம்.பி.யின் குரல் கணீரென்று வந்தது. என் தொகுதியில், பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரியில். அதற்கப்புறம் எல்லாம் வந்தது. மாவு மூட்டை, குழாயடி, கழுவிவிட்டது, எல்லாம்.

மனுக்காரருக்கு முதலில் காதுதான் சூடானது. போனை எட்டி அணைக்கப் போனார். அவள் அவருடைய கையைத் தட்டிவிட்டு, கடைசிவரை கேட்டாள்.

"இது என் தம்பியா?"

அவர் அரிசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல? இது என் தம்பியா?"

"ஆமா."

"எனக்கே தெரியாதே இது" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். "என்கிட்டகூடச் சொல்லாததை நாடு பூரா சொல்லிட்டு வந்து, பாரு பாருன்னு எனக்கே காட்டறீங்களே."

அந்தச் சமையலறையில் அவர் கூனிக் குறுகி நின்ற நிலையை என்னவென்று சொல்வது? பெருமைப்பட்டு மூச்சு விடுவதற்குள் அவமானம் வந்து கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன் பாட்டுக்கு அடுத்த வீடியோவுக்குத் தாவி ஏதோ விளம்பரம் பாடியது. அதை நிறுத்தக்கூட அவருக்குக் கை எழவில்லை.

பேக்கரியில் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்பறையில் விழுந்தவன் ஒருத்தன்தானே. மறுநாள் மைத்துனன் மாவு பிசையும் மேஜையில் குழந்தைகளுக்குப் போடுகிற டயப்பர் பொட்டலம் ஒன்று இருந்ததாம். கேலிக்கு வைத்தவர்களுக்கு அது கேலிதான். அவன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய ரொட்டி முழுவதையும் சுட்டு எடுத்து முடித்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தவன் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. இதையெல்லாம் அந்தப் பெரியவர்தான் கண்ணாடிக் கடைக்கே வந்து மனுக்காரரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் யாருகிட்டயும் மூச்சு விடலைங்க" என்றார். இவரால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மைத்துனன் வீட்டுக்குப் போக இரண்டு தடவை கிளம்பினார். ஒருதடவை தெருமுனைவரை போய்த் திரும்பினார். அதிகாரிகள் வாசலில் பழியாய்க் கிடந்தவருக்குச் சொந்த மைத்துனன் வீட்டுக் கதவைத் தட்டத் துணிச்சலில்லை. வீட்டுக்காரி சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று பதில் சொன்னாள். குழாயைப் பற்றிக் கிண்டல் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே உட்கார்ந்து குழாயைச் சரிசெய்தார். அவள் பார்த்துவிட்டு, அடியில் வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தோடு விட்டதா? முதலாளிமார் சும்மா இருப்பார்களா? அப்படி ஒரு ஆளே கிடையாது, எம்.பி. கட்டிவிட்ட கதை, முடிந்தால் அவனைக் கொண்டுவந்து நிறுத்தட்டும் என்று அறிக்கை விட்டார்கள். சட்டத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழு தலைநகரில் விசாரணை வைத்தது. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து சொன்னால் பிரிவு நிற்கும், இல்லாவிட்டால் சந்தேகம்தான் என்று எம்.பி.யின் உதவியாளர் டீச்சருக்குச் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை டியூஷன் அறையில் எல்லோரும் மனுக்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். "அதை வெளியில சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். குடுத்துட்டுத்தான் சொன்னேன்" என்றார்.

கணக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப அவர் வரலைன்னா அந்தப் பிரிவும் போயிரும். பட்ட அவமானமாவது வீணாப் போகாம இருக்கட்டுமே."

"பட்டது நாம இல்லையே" என்றார் நர்ஸம்மா. பிறகு மனுக்காரரைப் பார்த்து, "நீங்க போய் மன்னிப்புக் கேளுங்க. அவரா வர்றேன்னு சொன்னா வரட்டும். வேற எதையும் கேக்காதீங்க" என்றார்.

இந்தத் தடவை கதவைத் தட்டினார். மைத்துனனே திறந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாங்க என்றான், உட்காருங்க என்றான், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவனுடைய மனைவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"மாப்ள, நான் பண்ணது தப்பு. பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் மனுக்காரரா? "நல்லதுக்குன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாமா. நல்லதுக்குத்தான் பண்ணீங்க. நீங்க கெட்டதுக்கு எதுவும் பண்ண மாட்டீங்க." அதில் குத்தல்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "என்னை அங்க வந்து பேசச் சொல்றாங்களாமே. பெரியவர் சொன்னார்."

"அதைக் கேக்க நான் வரலை, மாப்ள. சத்தியமா வரலை."

"நீங்க கேக்க வேண்டாம். நானே வர்றேன். பெரியவர் இன்னும் அந்த ரூம்லதான் நிக்கிறார். அவர் விழுந்தா எழுந்திரிக்க மாட்டார்." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான். "ஒண்ணு மட்டும். நான் பேசும்போது நீங்க உள்ள இருக்கக் கூடாது."

"சரி" என்றார். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே, "ஏன் மாப்ள?" என்றார்.

"அன்னிக்கு உங்க முன்னாடி அப்படிக் கிடந்தேனே, அப்ப எனக்கு வெக்கமா இல்லை மாமா. நீங்கதானேன்னு இருந்தது. இப்பதான் வெக்கமா இருக்கு."

தண்ணீரைக் குடிக்காமலேயே எழுந்து வந்தார்.

விசாரணை நாளன்று எல்லோரும் ஒரே ரயிலில்தான் போனார்கள். அக்காவும் தம்பியும் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம், மனுக்காரர் கதவோரம். கட்டடத்துக்குள் நீளமான நடைபாதை, பளிங்குத் தரை, வரிசையாக உயரமான கதவுகள். இந்தக் கதவுகளில் ஒன்றுக்குள் போய் உட்கார வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. சாக்கடை மூடியில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். கதவு திறந்தது. டீச்சர் உள்ளே போனார், நர்ஸம்மா போனார், கணக்கர் போனார், வீட்டுக்காரி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். மனுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க உள்ள போகலையா?" என்று காவலாளி கேட்டார். "இல்லைங்க, நான் சும்மா துணைக்கு வந்தவன்" என்றார்.

கதவு கனமான கதவு. உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவன் அதைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைத்தார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால், அக்காவை வைத்துக்கொண்டு, அந்தக் குழாயடியைச் சொல்லிக்கொண்டிருப்பான். தன் வாயால் வந்த வினை அவன் வாயில் போய் விழுந்திருக்கிறது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

கதவு திறந்ததும் முதலில் டீச்சர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரிவு நிக்கும்னு நினைக்கிறேன். கமிட்டித் தலைவரே எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார்!" பின்னாலேயே எம்.பி. வந்து மனுக்காரரைக் கண்டு இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "எல்லாம் உங்களாலதான் சார். அன்னிக்கு நீங்க அதைச் சொல்லலைன்னா நான் எழுந்திரிச்சே இருக்க மாட்டேன்." மனுக்காரர் கையை உருவிக்கொண்டார்.

கடைசியாக அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவனுடைய சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவன் கடந்து போய்விடுவான் என்று நினைத்தார். நின்றான்.

"என்ன மாப்ள சொன்னே?" என்று கேட்டார்.

"ஃபேன் போட விடாததைச் சொன்னேன். தண்ணி குடிக்க வெளிய வந்தா முறைக்கிறதைச் சொன்னேன். கண்ணு இருட்டினது, விழுந்தது, டாக்டர் சொன்னது. பெரியவரைப் பத்திச் சொன்னேன்."

"அது?"

"அதை நான் சொல்லலை மாமா. மயங்கி விழுந்தேன், அவ்வளவுதான்னு சொன்னேன். அது இல்லாமலேதான் எல்லாரும் கேட்டாங்க."

வீட்டுக்காரி தம்பியின் கையைத் தொட்டு, போகலாம் என்றாள். இரண்டு பேரும் நடந்தார்கள். ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மைத்துனன் காவலாளியிடம் கேட்டான். வழி மனுக்காரருக்குத் தெரியும். அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.